மூன்று அடுக்கிலும் அம்மா பெயர்

முதன்முதலில் சாப்பிட்ட கேக் எது என்று நம் வயதுக்காரர்களைக் கேட்டால் முக்கால்வாசிப் பேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். வனஸ்பதியில் செய்த ரோஜாப் பூவும் பச்சை இலையும் மேலே உட்கார்ந்திருக்கும். நாக்கில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். அந்த ரோஜா யாருக்கு என்று சண்டை வேறு நடக்கும். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. என்னுடைய முதல் உருப்படியான கேக் எவர்சில்வர் டப்பாவுக்குள், சுடுமணல் மேல் உட்கார்ந்து வெந்தது. அதன் விலாவில் எங்கள் அம்மாவின் பெயர் இருந்தது. சிரிக்காதீர்கள், முழுசாகக் கேளுங்கள். தலைக்குச் சாயம் பூசவும், டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லவும் ஆரம்பித்துவிட்ட இந்த வயதில், இனிப்பைப் பற்றிப் பேசவாவது செய்யலாமே.

மண்ணூரில் எங்கள் தெருவில் அப்போது வாசலுக்கு வாசல் மணல் கொட்டிக் கிடக்கும். சுற்றிலும் கம்பெனிகள் வர வர, எல்லோரும் மாடியில் ரூம் கட்டி வாடகைக்கு விட்டார்கள். எங்கள் மாடி ரூமில் மூன்று அக்காக்கள். மூவரும் தெற்கத்திக்காரர்கள், காருக்கு ஒயர் கட்டு செய்யும் கம்பெனியில் வேலை. மூன்று பேருக்கும் மூன்று ஷிப்ட் என்பதால், ஒரே ரூமில் இருந்தும் ஒருவரை ஒருவர் முழுசாகப் பார்த்துக்கொள்வதே அபூர்வம். ஒருத்தி எழுந்து மடித்த பாயை இன்னொருத்தி வந்து விரிப்பாள். சாப்பாட்டு டப்பா, சீப்பு, கண்ணாடி எல்லாமே கை மாறிக்கொண்டே இருக்கும். ஒருத்தி ஆணியில் மாட்டிவிட்டுப் போன துண்டு காய்வதற்குள் அடுத்தவள் அதில் முகம் துடைத்துக்கொண்டிருப்பாள்.

அந்த மூவரில் சாத்தூர்க்கார அக்காதான் எனக்கு உயிர். கன்னத்தில் குழி விழச் சிரிப்பாள். பேச்சில் எல்லாமே 'வாரேன், போறேன்' என்று நீளும். அவளைப் பார்த்துப் பேசிப் பேசி எனக்கும் அந்த இழுப்பு வந்துவிட்டது. "வூட்ல பேசற மாதிரி பேசுடி" என்று அம்மா தலையில் குட்டுவாள்.

அக்காவுக்குச் சமைக்க வராது. பள்ளிக்கூடத்தை விட்டதும் வேலை, வேலைக்கு வந்ததும் கேண்டீன் சோறு. கற்றுக்கொள்ள ஏது நேரம்? அப்படிப்பட்டவளுக்குக் கேக் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்றால், அவர்கள் வேலை பார்க்கும் லைனைச் சரிபார்க்க வெளிநாட்டிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். ஊருக்குத் திரும்பும் நாளில் அந்த மேடமே கெஸ்ட் ஹவுசில் கேக் செய்து கொண்டுவந்து, லைனில் இருந்த அத்தனை பெண்களுக்கும் வெட்டிக் கொடுத்தாராம். தோசை மாதிரி மூன்று அடுக்கு. நடுவிலும் மேலேயும் தேங்காயும் பருப்பும் போட்டு ஒரு பூச்சு. விலாவில் ஒன்றும் பூசாமல் கறுப்பாக அப்படியே விட்டிருந்தாராம்.

"பாப்பா, அத வாயில போட்டேன் பாரு, அன்னைக்கு ஓ.டி. பாத்த அலுப்பே போயிருச்சு. கையக் கையக் காட்டித்தான் கேட்டேன், அவுகளும் கையக் கையக் காட்டியே சொல்லிட்டாக" என்பாள்.

அந்தக் கைஜாடைப் பாடத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெரிய லீவு முழுக்க வாராவாரம் புதன்கிழமை, அக்காவின் ஆஃப் நாளில், முயற்சி நடந்தது. முதலில் அவர்களுடைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வில். கேக் வெந்ததோ இல்லையோ, வாயில் வைத்தால் ரேஷன் கடைக் க்யூவில் நிற்கிற வாசனை. அடுத்தது அடி கரிந்தது. அதற்கடுத்தது நடுவில் களியாக நின்றது. எல்லாவற்றையும் தின்றது நான்தான். கரிந்ததைச் சுரண்டிவிட்டுத் தின்றேன், களியை ஸ்பூனால் தின்றேன். என் வாழ்நாளில் அத்தனை சந்தோஷமான ஒரு லீவு திரும்ப வரவே இல்லை.

கடைசியில் அக்கா எங்கள் சமையலறைக்கே வந்து நின்றாள். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சட்டம் பேசினாள்.

"இன்னா வேணா பண்ணிக்க. என் அடுப்புல முட்டை மட்டும் ஏறக் கூடாது. வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கினு கீறேன்."

"முட்டை வேண்டாங்க்கா. தயிரும் சோடா உப்பும் போட்டுக்கிறேன்."

"அப்போ சரி. குக்கர் ரப்பரக் கழட்டி வெச்சுட்டுப் பண்ணு. அது போச்சுன்னா நா சும்மா வுட மாட்டேன்."

குக்கரின் ரப்பரும் வெயிட்டும் கழன்றன. அடியில், வாசல் மணலையே நான் சலித்துக் கொடுக்க, அதைக் கழுவிக் காயவைத்துப் போட்டோம். கேக் வார்க்க ஒரு வட்ட டப்பா வேண்டும். அம்மா அலமாரியின் மேல்தட்டிலிருந்து தன் கல்யாணச் சீர் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும், அந்தக் காலத்துப் பாத்திரக்கடையில் உளியை வைத்துத் தட்டித் தட்டிப் புள்ளிப் புள்ளியாகப் பெயர் கொத்திக் கொடுப்பார்கள். டப்பா மெல்லிய தகடு. வெளியே புள்ளி பள்ளமாக இருந்தால் உள்ளே அதுவே மேடாகத் துருத்திக்கொண்டிருக்கும். விரலை உள்ளே விட்டுத் தடவினாலே அம்மாவின் பெயர் தட்டுப்படும். பாரிமுனையிலிருந்து வரவழைத்த கோகோ பவுடர், மைதா, தயிர், அம்மாவின் டப்பா, அம்மாவின் அடுப்பு. அன்று கேக் வந்தது. உப்பி, வெடித்து, வீடெல்லாம் மணக்க வந்தது. அம்மா ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டு, "பரவால்ல" என்றாள். அம்மாவின் வாயிலிருந்து 'பரவால்ல' வருவது மாநில அளவில் பரிசு வாங்குவது மாதிரி.

அந்தச் சமயத்தில்தான் சாத்தூரிலிருந்து எங்கள் வீட்டுப் போனுக்கு அக்காவின் அம்மா பேசினார். கோவில்பட்டிப் பக்கத்து வரன் ஒன்று. பையன் மறைமலை நகரில் கார் கம்பெனியில் பாகங்களைப் பரிசோதிக்கிற வேலை பார்க்கிறான். பையனின் அம்மா மகனைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கிறார், அப்படியே பெண்ணையும் பார்த்துவிட நினைக்கிறார், வருகிற புதன்கிழமை. "எங்களால அதுக்குள்ள வர ஏலாது. நீங்கதாம்மா பெத்தவுக மாதிரி நின்னு பாத்துக்கணும்" என்று சொல்லி அந்த அம்மா அழுதாராம். போனை வைத்தபோது எங்கள் அம்மாவின் முகமே மாறிவிட்டது. ஒரு நிமிடத்தில் அவள் பெண் வீட்டுக்காரி ஆகிவிட்டாள்.

"தோ பாரும்மா," என்று அக்காவை உட்காரவைத்தாள். "முன்னாடி ஒரு எடம் வந்துச்சே, அது எதுல நின்னு போச்சு?"

"கல்யாணத்துக்கு அப்புறம் வேலைய விடணும்னாக. ஷிப்டுக்குப் போற பொண்ணு குடும்பத்துக்கு ஆகாதுன்னாக. நான் மாட்டேன்னுட்டேன்."

"ஆங், அதான். இந்த வாட்டி வேலையப் பத்தி நீயா வாயத் தொறக்காத. கேசரி பஜ்ஜி நா பண்றேன், நீ பண்ணதாச் சொல்லிக்கலாம். சிம்பிளாப் பொடவை கட்டிக்கினு வந்து நில்லு, போதும்."

அக்கா தலையாட்டினாள். பிறகு, "கேக்கும் வைக்கலாமாக்கா? எனக்குன்னு ஒழுங்கா வாரது அது ஒண்ணுதான். அத அவுக சாப்பிட்டுப் பாக்கணும்" என்றாள்.

அம்மாவுக்கு இஷ்டமில்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து யாரால் முடியாது என்று சொல்ல முடியும்?

ஒரே டப்பா, ஒரே குக்கர். மூன்று அடுக்கு என்றால் மூன்று தடவை வைத்து எடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை அக்காவுக்கோ காலை ஷிப்ட். ஆனால் மூன்று ஷிப்ட் இருக்கும்போது கவலை எதற்கு? நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்த அக்கா முதல் அடுக்கை வேகவைத்துவிட்டுத் தூங்கப் போனாள். மதிய ஷிப்டுக்குப் போகிறவள் இரண்டாவதை இறக்கிவைத்துவிட்டு, "டப்பா தொடச்சாச்சு, மாவு கலக்கி மூடியிருக்கு, சோடா உப்பு இன்னும் போடல" என்று லைனில் வேலையை ஒப்படைக்கிற மாதிரியே என்னிடம் ஒப்பித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். அதை மூச்சுவிடாமல் நான் சாத்தூர் அக்காவிடம் ஒப்பித்தேன். யூனிபார்ம் மாற்றாமலேயே அவள் மூன்றாவதை வார்த்தாள்.

சாயங்காலம் பூச்சு. அக்கா தேங்காயைத் துருவி நெய்யில் வதக்கி, வெல்லத்தையும் டின் பாலையும் விட்டுக் கிண்டினாள். அம்மா எட்டிப் பார்த்தாள். கரண்டியில் எடுத்து ஊதி நாக்கில் வைத்தாள்.

"ஐயே! இது பூரணம். பிள்ளையார் சதுர்த்திக்கு வருசா வருசம் கிண்டறது. இதுக்கா இத்தினி நாளா கையக் கையக் காட்டிக்கினு இருந்த? நவுரு."

கரண்டி கை மாறியது. அம்மா பதம் பார்த்து இறக்கினாள், முந்திரியை ஒன்றிரண்டாக உடைத்துப் போட்டாள். தாம்பாளத்தில் ஓர் அடுக்கு, பூரணம், ஓர் அடுக்கு, பூரணம். அந்த மேடம் செய்த மாதிரியே விலாவைப் பூசாமல் விட்டார்கள். மேலே ஒரு கூடையைக் கவிழ்த்தார்கள்.

மறுநாள் காலையில் யாருக்கும் தெரியாமல் கூடையைத் தூக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். கறுப்பு விலாவில் புள்ளிப் புள்ளியாக எழுத்து. டப்பாவின் உள்மேடு கேக்கில் பள்ளமாக விழுந்து, டப்பாவில் ஒட்டாமலிருக்கத் தூவிய மைதா அதில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. தாத்தாவின் இனிஷியல், ஒரு புள்ளி, அம்மாவின் பெயர். மூன்று அடுக்கும் ஒரே டப்பாவில் வெந்ததால் மூன்றிலும் பெயர். ஒன்று முன்பக்கம், ஒன்று இடப்பக்கம், ஒன்று பின்னால். அம்மாவைப் பெருமைப்படுத்த அக்காக்கள் செய்த அலங்காரம் என்றே நினைத்துக்கொண்டேன். அழகாக இருந்தது. கூடையைக் கவிழ்த்துவிட்டு வந்துவிட்டேன்.

மதியத்துக்கு மேல் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் மட்டும்தான். அந்த அம்மா நெற்றி நிறையத் திருநீறு, காதில் பெரிய தோடு. மாப்பிள்ளை சட்டைப் பையில் பேனாவோடு, பரீட்சை எழுத வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். எங்கள் அப்பா வேட்டி மடிப்புக் கலையாமல் எதிரில் உட்கார்ந்து, "வெயில் அதிகம்" என்றார். மாப்பிள்ளை "ஆமாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அப்பா திரும்பவும் "வெயில் அதிகம்" என்றார்.

அக்கா கேசரித் தட்டோடு வந்தாள். நீலப் புடவை, நிறைய மல்லிகை. கன்னக்குழி எங்கே போனதென்றே தெரியவில்லை.

"எல்லாம் பொண்ணே பண்ணது," என்று அம்மா ஆரம்பித்தாள். "காலைல எழுந்து, குளிச்சு, எங்க யாரையும் கிட்ட வுடல. கேசரின்னா அவ கைதான்."

அந்த அம்மா கேசரியைத் தின்றுகொண்டே தலையாட்டினார். பிறகு நான் கேக் தாம்பாளத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். அந்த அம்மாவின் புருவம் ஏறியது.

"இது என்னது?"

அந்தப் புருவத்தைப் பார்த்ததும் எங்கள் அம்மா பயந்துவிட்டாள். கேக்கெல்லாம் செய்கிற பெண், செலவாளி, பட்டணத்து நாகரிகம் ஏறியவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று அந்த நொடியில் அவளுக்குத் தோன்றியிருக்கிறது. "அது, ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு பேக்கரில வாங்கினது. சின்னப் பசங்க ஆசைப்பட்டுச்சுன்னு" என்று சொல்லிவிட்டாள்.

அக்கா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். தான் செய்யாத கேசரிக்குப் பாராட்டு, தான் செய்த ஒன்று பேக்கரிக் கணக்கில். எனக்கோ தாம்பாளத்தை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடலாமா என்றிருந்தது. ஏனென்றால் பெயர் இருந்த பக்கத்தை, அழகாக இருக்கிறதே என்று, மாப்பிள்ளையைப் பார்த்து நான்தான் திருப்பி வைத்திருந்தேன்.

மாப்பிள்ளை கேக்கைத் தொடவில்லை. குனிந்தார். நாள் முழுக்கப் பாகங்களில் பொறித்த எழுத்தை வாசித்துக்கொண்டிருக்கிற மனுஷன் வேறென்ன செய்வார்? தாம்பாளத்தை மெதுவாகச் சுற்றினார். முதல் அடுக்கு, இரண்டாவது அடுக்கு, மூன்றாவது. பிறகு எழுத்துக் கூட்டி அம்மாவின் பெயரை வாய்விட்டு வாசித்தார்.

"பேக்கரியில யாரும் இப்படிப் பேரு வெட்டித் தர மாட்டாங்களே. இது யாரு பேரு?"

அப்பா, நாற்பது நிமிடமாக வெயிலைத் தவிர வேறு எதுவும் பேசாத என் அப்பா, "என் சம்சாரம் பேரு" என்றார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்காதான் பேசினாள். குரல் நடுங்கினாலும் வார்த்தை நடுங்கவில்லை.

"கேக்கு நான் செஞ்சது. எங்க ரூம்ல மூணு பேரும் ஷிப்டு மாத்தி மாத்திச் செஞ்சோம். டப்பா அக்காவோடது, அதான் பேரு விழுந்துருக்கு. கேசரி அக்கா கிண்டுனது. எனக்குக் கேசரி வராது. குழம்பும் சுமாராத்தான் வைப்பேன். என் நல்லதுக்குத்தான் அக்கா மாத்திச் சொன்னாக, அவுகள ஒண்ணும் நெனைக்காதீக. நான் வேலைக்குப் போவேன். கல்யாணத்துக்கு அப்புறமும் போவேன். நைட் ஷிப்டு வந்தா நைட் ஷிப்டுக்கும் போவேன். அதையும் சொல்லிப்புட்டேன்."

மாப்பிள்ளையின் அம்மா கேக்கில் ஒரு துண்டைப் பிட்டெடுத்துச் சாப்பிட்டார். மெதுவாக, முழுசாகச் சாப்பிட்டார். விரலில் ஒட்டிய பூரணத்தையும் விடவில்லை. அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"யோசிச்சுச் சொல்லுதோம்," என்று எழுந்தார். வாசலுக்குப் போனவர் திரும்பி, "மிச்சம் இருந்தாக் கொஞ்சம் குடும்மா. இவன் ரூம்ல பயலுக இருக்கானுவ" என்றார். அம்மாவுக்குக் கை ஓடவில்லை. அகப்பட்ட அதே டப்பாவில் மீதிக் கேக்கை அடுக்கிக் கொடுத்தனுப்பினாள்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் அம்மா சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். "நானே கெடுத்தேன். பெத்தவ நம்பிக் குடுத்தா, நானே கெடுத்துட்டேன்." அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "போவுதுக்கா. நான் செஞ்சேன்னு சொல்லிட்டேன்ல. அது போதும்" என்றாள். அவள் நிஜமாகவே லேசாகிவிட்டிருந்தாள். கன்னக்குழி திரும்ப வந்திருந்தது. அம்மா மூக்கைச் சிந்திவிட்டு, "என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப கேசரி கிண்டினது எங்க அக்கா" என்றாள். இதைக் கேட்டு அப்பா திடுக்கிட்டு நிமிர்ந்ததுதான் அன்றைய தினத்தில் எல்லோரும் சிரித்த ஒரே நேரம்.

பிறகு காத்திருப்பு. போன் அடிக்கும்போதெல்லாம் அம்மா மாவுக் கையோடு ஓடுவாள். பால்காரர், ராங் நம்பர், அப்பாவின் கம்பெனி. அந்தக் கனத்த கறுப்புப் போனை நான் அவ்வளவு வெறுத்ததில்லை. டப்பாவை இன்னும் காணோமே என்று அம்மா புலம்புவாள். ஆனால் அவள் புலம்பியது டப்பாவுக்காக இல்லை. யாராவது மூன்றாம் மனிதர் மூலமாக டப்பா திரும்பி வந்துவிட்டால் கதை முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். அக்கா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. படி ஏறும்போது ஒரு தடவை வாசலைத் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

ஸ்கூல் திறப்பதற்கு முன்னால், ஒரு சாயங்காலம், வாசலில் பைக் வந்து நின்றது. மாப்பிள்ளை. ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்திருந்தார். கையில் எங்கள் டப்பா. அவர் அதை அம்மாவிடம் கொடுத்தபோது அம்மாவின் கை தாழ்ந்தது. கனம் இருந்தது. வெறும் டப்பாவாக வரவில்லை.

அம்மா மூடியைத் திறந்தாள். தோல் நீக்கி வறுத்த நிலக்கடலை, விளிம்பு வரைக்கும். மேலே ஒரு வாழை இலைத் துண்டில் மஞ்சளும் குங்குமமும்.

"எங்க காட்டுக் கடலை," என்றார் மாப்பிள்ளை. காது மடலெல்லாம் சிவந்திருந்தது. "அம்மா ஊருக்குப் போயி பஸ்ல குடுத்து விட்டாங்க. முந்திரிக்குப் பதிலா அடுத்த கேக்குக்கு இதப் போடச் சொன்னாங்க. இன்னும் நல்லா இருக்குமாம்."

"அடுத்த கேக்குன்னா?" என்றாள் அம்மா.

"நிச்சயத்துக்கு." அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "நாள் பாக்கணும். அதுக்கு முன்னாடி அவங்களுக்கு எந்த வாரம் எந்த ஷிப்டுன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க எங்கம்மா. வேலைக்கு இடைஞ்சல் இல்லாமப் பாக்கணுமாம்."

அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மாடியிலிருந்து, கைப்பிடிச் சுவருக்கு மேல் ஈரத் தலையோடு எட்டிப் பார்த்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சாத்தூர் அக்கா கத்தினாள்:

"புதன்கெழமைல வைங்க! அன்னைக்குத்தான் எனக்கு ஆஃப்!"

"பொண்ணாடி நீ?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்ட கையாலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டு, காலண்டரை எடுத்து வரச் சொல்லி என்னை உள்ளே விரட்டினாள்.